காலனிக் கால விசாரணை அறிக்கையை எப்படி வாசிப்பது? ஹண்டர் குழுவை வைத்து ஒரு பயிற்சி

வெள்ளைக்காரர் ஆட்சியில் எங்காவது கலவரம் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்து, விஷயம் லண்டன் வரை போய்விட்டால் ஒரு விசாரணைக் குழு வரும். அதன் அறிக்கை இன்று இணையத்தில் மங்கலான ஸ்கேன் பிரதியாகக் கிடைக்கும். அதை முதன்முதலில் திறக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "அரசாங்கமே போட்ட குழுதானே, எல்லாம் கண்துடைப்பு" என்று மூடிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்துக்குத் தாவி, முடிவை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். இரண்டிலும் நஷ்டம்தான்.

இப்படிப்பட்ட குழு நியாயமாக நடக்குமா இல்லையா என்பது முதல் சாட்சி வந்து உட்காருவதற்கு முன்பே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. அதே சமயம், சாய்வாக அமைந்த குழுவின் சாட்சியப் பக்கங்களில்கூட அதன் முடிவுரையில் இல்லாத உண்மை நிறையக் கிடக்கும். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கப் பழக வேண்டும். பயிற்சிக்கு 1919இன் பஞ்சாபை எடுத்துக்கொள்கிறேன். ஜாலியன்வாலா பாக் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அதை விசாரித்த ஹண்டர் குழுவின் அறிக்கையைப் புரட்டியவர்கள் குறைவு.

தேடும்போது ஒரு குறிப்பு உதவும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்த அறிக்கை 1920இன் சி.எம்.டி. (Cmd.) 681 என்ற எண்ணில் வைக்கப்பட்டது. சாட்சியங்கள் தனித் தொகுதிகள். அறிக்கையை மட்டும் இறக்கிக்கொண்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

முதலில் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

சாதாரண வேலைதான், ஆனால் இதைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும் வேலை வேறு இல்லை. நான் எழுதி வைத்திருக்கும் தாள் இப்படிப் போகிறது.

1919 ஏப்ரல் 10: உள்ளூர்த் தலைவர்கள் டாக்டர் சத்தியபால், சைபுதீன் கிச்லு இருவரையும் அமிர்தசரஸிலிருந்து வெளியேற்றுகிறார்கள். முறையிடப் போன கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. ஆத்திரமடைந்த கூட்டம் வங்கிகளைக் கொளுத்துகிறது. ஐந்து ஐரோப்பியர்கள் கொல்லப்படுகிறார்கள். ஏப்ரல் 13: ஜாலியன்வாலா பாக். ஏப்ரல் 15: அமிர்தசரஸிலும் லாகூரிலும் ராணுவச் சட்டம். ஆகஸ்ட் 25: பாக்கில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர், சம்பவம் பற்றி மேலிடத்துக்கு விரிவான அறிக்கை எழுதுகிறார். செப்டம்பர்: இண்டெம்னிட்டி சட்டம் நிறைவேறுகிறது. அக்டோபர் 14: ஹண்டர் குழு நியமனம். நவம்பர் 19: லாகூரில் டயரின் சாட்சியம். 1920 மார்ச் 8: அறிக்கை கையளிப்பு. மே 26: வெளியீடு.

இப்போது செப்டம்பரையும் அக்டோபரையும் பாருங்கள். ராணுவச் சட்டத்தின்போது நல்லெண்ணத்தில் செய்த காரியங்களுக்காக அதிகாரிகள் மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லும் சட்டம் முதலில் வருகிறது. அந்தக் காரியங்களை விசாரிக்கும் குழு பின்னால் வருகிறது. ராணுவச் சட்டம் முடிந்தால் இப்படி ஒரு சட்டம் போடுவது வழக்கம்தான், நல்லெண்ணமில்லாத செயலை இது காப்பாற்றாது என்றது அரசுத் தரப்பு. விசாரணை முடியும்வரை பொறுத்தால் என்ன என்று மதன் மோகன் மாளவியா சட்டசபையில் மணிக்கணக்கில் வாதாடினார். ஓட்டெடுப்பில் தோற்றார். இலையை எடுத்த பிறகு சாப்பாடு எப்படி என்று கேட்ட மாதிரி ஆயிற்று.

குழுவிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன?

எந்த விசாரணைக்கும் ஒரு வரம்பு உண்டு. குழுவை நியமிக்கும் ஆணையிலேயே அது எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரே வாக்கியம். அதை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். ஹண்டர் குழுவின் வேலை, பம்பாய், டில்லி, பஞ்சாப் ஆகிய இடங்களில் சமீபத்தில் நடந்த கலவரங்கள், அவற்றின் காரணங்கள், அவற்றைச் சமாளிக்க எடுத்த நடவடிக்கைகள் ஆகியவற்றை விசாரிப்பது.

இந்த வாக்கியத்தில் ஜாலியன்வாலா பாக் இல்லை. சாவு என்ற சொல்லும் இல்லை. நடந்தது 'கலவரம்' என்று முதலிலேயே பெயர் வைத்தாயிற்று; சூடு, 'சமாளிக்க எடுத்த நடவடிக்கை'களில் ஒன்றாக மூன்றாவது இடத்தில் உட்காருகிறது. "மக்கள் ஏன் கொல்லப்பட்டார்கள்" என்று தொடங்கும் விசாரணையும் "மக்கள் ஏன் கலகம் செய்தார்கள்" என்று தொடங்கும் விசாரணையும் ஒரே கோப்பைப் பார்த்தாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேராது.

யார் உள்ளே, யார் வெளியே

தலைவர் ஹண்டர் பிரபு, ஸ்காட்லாந்து நீதிபதி. இந்தியாவைப் பற்றி முன்பின் தெரியாதவர். அதை ஒரு தகுதியாகவே சிலர் சொன்னார்கள். மற்ற ஐரோப்பிய உறுப்பினர்கள் நான்கு பேர்: கல்கத்தா நீதிபதி ரேங்கின், இந்திய அரசின் உள்துறையைச் சேர்ந்த ரைஸ், பதவியில் இருந்த மேஜர் ஜெனரல் பாரோ, ஐக்கிய மாகாணச் சட்டசபை உறுப்பினர் தாமஸ் ஸ்மித். இந்தியர்கள் மூன்று பேர்: பம்பாய் வழக்கறிஞர் சிமன்லால் செதல்வாட், லக்னோவின் பண்டித ஜகத் நாராயண், குவாலியரைச் சேர்ந்த சுல்தான் அகமது கான்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "இவர் எந்தத் துறை, விசாரிக்கப்படுகிறவருக்கு இவர் என்ன உறவு" என்று எழுதுங்கள். ஒரு தளபதியை விசாரிக்கும் இடத்தில் இன்னொரு தளபதி. நிர்வாகத்தை விசாரிக்கும் இடத்தில் உள்துறை அதிகாரி. இதனாலேயே அவர்கள் நேர்மையற்றவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் பின்னால் ஓட்டு எப்படிப் பிரிந்தது என்று பார்க்கும்போது இந்தத் தாள் தேவைப்படும்.

வெளியே இருந்தவர்களைத் தேடுவது கொஞ்சம் கஷ்டம். வராதவர்கள் அறிக்கையில் இருக்க மாட்டார்கள் அல்லவா? பஞ்சாபின் தலைவர்கள் பலர் அப்போது சிறையில். விசாரணை நடக்கும் நாட்களுக்கு மட்டுமாவது ஜாமீனில் விடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் வக்கீலுக்கு விவரம் சொல்லட்டும் என்று காங்கிரஸ் தரப்பு கேட்டது. அரசு மறுத்தது. காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. டிசம்பர் கடைசியில் தலைவர்கள் விடுதலையானதும், நாங்கள் சாட்சி சொல்லத் தயார், விசாரணையை மறுபடி திறங்கள் என்றார்கள். குழு ஒப்பவில்லை. ஆகவே பஞ்சாபைப் பற்றிக் குழு கேட்ட கதை பெரும்பாலும் ஆட்சித் தரப்புக் கதை.

நியாயம் என்று பேசும்போது இன்னொரு பக்கத்தையும் விடக்கூடாது. டயருக்கும் வக்கீல் கிடையாது. அவர் மேல் குற்றச்சாட்டு எதுவும் முறையாக வைக்கப்படவில்லை. சாட்சியாகத்தான் கூப்பிட்டார்கள், பிறகு அதே சாட்சியத்தை வைத்துக் கண்டித்தார்கள். அவருடைய ஆதரவாளர்கள் இதைப் பெரிய அநீதியாகப் பேசினார்கள். அந்த ஆட்கள் மேல் எனக்கு அனுதாபம் இல்லை. ஆனால் முறை பற்றிய அந்தப் புகாரில் நியாயம் உண்டு. அதையும் தாளில் எழுதத்தான் வேண்டும்.

செத்தவர்களை எண்ணியது யார், எப்போது?

அரசின் எண்ணிக்கை 379. காங்கிரஸ் அறிக்கை, ஆயிரம் என்று சொன்னாலும் மிகையில்லை என்றது. புதிதாக வாசிக்கிறவர்கள் இந்த இரண்டில் எது சரி என்று சண்டை போடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன், எண் எப்படி உருவானது என்று கேளுங்கள்.

அதிகாரிகள் இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டு அறிவிப்புச் செய்தது ஆகஸ்டில். நாலு மாதம் கழித்து. அதற்குள் பிணங்களை எரித்தாயிற்று, புதைத்தாயிற்று. பைசாகித் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது போகவே இல்லை. தடை செய்த கூட்டத்துக்கு என் மகன் போயிருந்தான் என்று அரசாங்க ஆளிடம் வந்து சொல்ல எத்தனை வீட்டுக்குத் துணிவு இருந்திருக்கும்? 379 என்பது, பயத்தையும் தாமதத்தையும் தாண்டி வந்து பதிவான பெயர்களின் எண்ணிக்கை. அதைக் குறைந்தபட்சம் என்று படியுங்கள்.

சுட்ட தரப்பின் எண் மட்டும் துல்லியமாக இருக்கும். 50 துப்பாக்கிகள், ஏறக்குறைய 10 நிமிடம், 1,650 ரவைகள். தோட்டாவுக்குக் கணக்கு எழுதும் ஏற்பாடு ராணுவத்தில் அன்றைக்கே இருந்தது. செத்தவருக்குக் கணக்கு எழுத அன்று யாரும் இல்லை.

இனி சாட்சியத்துக்கு வாருங்கள்

நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒரே ஆள் வெவ்வேறு நாட்களில் சொன்னதைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சூடு நடந்த மறுநாள், ஏப்ரல் 14, டயர் எழுதிய குறிப்பு சுருக்கமானது. என்னிடம் இருந்த படை சிறியது, தயங்கினால் தாக்குவார்கள் என்று தோன்றியது, உடனே சுட்டேன், கூட்டத்தைக் கலைத்தேன், 200 முதல் 300 பேர் வரை செத்திருக்கலாம். இதுதான் அதன் சாரம். அதாவது, பயந்து சுட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் 25 அறிக்கையில் பயம் காணாமல் போய்விடுகிறது. கூட்டத்தைக் கலைப்பது மட்டும் அப்போது கேள்வியாக இல்லை. அங்கே இருந்தவர்களுக்கு மட்டுமின்றி, பஞ்சாப் முழுவதற்கும் மனத்தில் பதிகிற மாதிரி விளைவை உண்டாக்குவதே நோக்கம் என்று எழுதுகிறார். நாலரை மாதத்தில் தற்காப்பு, பாடம் புகட்டலாக மாறிவிட்டது. இடையில் ராணுவ வட்டாரத்தில் கிடைத்த பாராட்டு அவருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நவம்பரில் செதல்வாட் குறுக்கு விசாரணை செய்கிறார். டயர் தன்னோடு இரண்டு கவச வண்டிகளைக் கொண்டுபோயிருந்தார். அவற்றில் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. சந்து குறுகலாக இருந்ததால் வண்டிகள் வெளியே நின்றுவிட்டன. செதல்வாட் இதை ஒவ்வொரு படியாகக் கேட்டு ஒப்புக்கொள்ள வைக்கிறார். வண்டி கொண்டுபோனீர்களா? ஆமாம். இயந்திரத் துப்பாக்கி இருந்ததா? இருந்தது. பாதை குறுகல் என்பதால்தான் உள்ளே கொண்டுபோகவில்லையா? ஆமாம். பாதை அகலமாக இருந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா? "அநேகமாக, ஆமாம்."

சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும், ஆனால் அவர்கள் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்பதும் அதே சாட்சியத்தில் வருகிறது. காயம்பட்டவர்களுக்கு ஏதாவது செய்தீர்களா என்றதற்கு, அது என் வேலை இல்லை, ஆஸ்பத்திரிகள் திறந்திருந்தன, போயிருக்கலாம் என்றார். அன்றிரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் நடமாடினால் சுடப்படுவார்கள் என்ற உத்தரவும் அவருடையதுதான்.

வரம்பு சாய்வு, அமைப்பு சாய்வு, எதிர்த்தரப்பு வெளியே. அப்படியிருந்தும் விஷயம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் அந்த மேசையில் இருந்ததால் இந்த வரிகள் அச்சில் ஏறின. இன்றுவரை டயரை எடைபோட எல்லோரும் பயன்படுத்துவது இந்தப் பக்கங்களைத்தான். கண்துடைப்பு என்று மூடி வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

சாட்சியம் முழுதும் அப்போது வெளியாகவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓ'டுவையர் உள்ளிட்ட சிலர் மூடிய அறையில் சாட்சி சொன்னார்கள். அந்தத் தொகுதிகள் நூலாக வெளிவந்தது 1975இல்.

இரண்டு அறிக்கை இருந்தால் ஒன்றன் பக்கத்தில் ஒன்று

குழு இரண்டாக உடைந்தது. ஐந்து ஐரோப்பியர்கள் பெரும்பான்மை அறிக்கையிலும், மூன்று இந்தியர்கள் மாற்று அறிக்கையிலும் கையெழுத்திட்டார்கள். நீங்கள் முதலில் எழுதிய உறுப்பினர் தாளை இப்போது எடுத்துப் பாருங்கள். கடைசி நாட்களில் இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனதாகச் செதல்வாட் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர்களை நாட்டைவிட்டுத் துரத்தப் பார்க்கிறீர்கள் என்று ஹண்டர் கோபத்தில் கத்தினாராம்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயம் பரவலாக உண்டு: பெரும்பான்மை டயரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது என்று. அப்படி இல்லை. எச்சரிக்காமல் சுட்டதும், கூட்டம் ஓடத் தொடங்கிய பிறகும் சுட்டுக்கொண்டே இருந்ததும் தவறு என்று இரு தரப்பும் சொல்கின்றன. பஞ்சாபில் நடந்தது கிளர்ச்சியா, ராணுவச் சட்டம் தேவைப்பட்டதா என்பதில்தான் இரண்டும் பெரிதாகப் பிரிகின்றன. பெரும்பான்மை தேவை என்றது, மாற்று அறிக்கை கிளர்ச்சியே இல்லை என்றது. இது வெறும் சொல் தகராறு அல்ல. கிளர்ச்சி என்று ஒப்புக்கொண்டால் டயர் ஒருவர் செய்த பிழையோடு கதை முடிந்தது. கிளர்ச்சி இல்லை என்றால் கசையடி, அமிர்தசரஸ் சந்தில் மனிதர்களை வயிற்றால் ஊர்ந்து போகவைத்த உத்தரவு, குஜ்ரன்வாலாவில் விமானத்திலிருந்து போட்ட குண்டு, எல்லாவற்றுக்கும் ஓ'டுவையரின் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்த அறிக்கையிலும் "தனி அதிகாரியின் பிழை" என்ற வரி வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதற்கு மேலே யாருடைய பெயர் வராமல் போயிற்று என்று தேடுங்கள்.

எதிர்த்தரப்பு விசாரணையையும் இதே தராசில் வையுங்கள்

காங்கிரஸ் தனியாக ஒரு குழு போட்டது. காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் முதலியோர் அதில் இருந்தார்கள். செயலாளர் கே. சந்தானம், கும்பகோணத்தில் பிறந்து லாகூரில் வழக்கறிஞராகத் தொழில் பார்த்தவர். 1,700க்கு மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, சுமார் 650ஐ அச்சிட்டார்கள். அரசுத் தரப்பு இவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அது ஒரு குறைதான். ஏப்ரல் 10இல் ஐரோப்பியர்களைக் கொன்றதை இந்த அறிக்கை கண்டித்தது என்பது இதன் பக்கம் சேர வேண்டிய மதிப்பெண்.

இதில் உள்ள ரத்தன் தேவியின் வாக்குமூலத்தை ஒருமுறையாவது படியுங்கள். பாக்கில் கணவரின் பிணத்தைக் கண்டுபிடிக்கிறார். தூக்கிப்போகக் கட்டில் வேண்டும். மணி எட்டாகிவிட்டது, ஊரடங்கு, யாரும் வரத் தயாரில்லை. ஒரு மூங்கில் கழியைத் தேடி எடுத்து, நாய்களை விரட்டிக்கொண்டு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வலியில் கிடக்கிறான், போய்விடாதே என்று கெஞ்சுகிறான். குளிருகிறதா, போர்த்தவா என்று கேட்கிறார். அவன் கேட்டது தண்ணீர். அங்கே தண்ணீர் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிகள் திறந்திருந்தன என்ற டயரின் பதிலை இந்த வாக்குமூலத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அறிக்கைக்குப் பிறகு என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்கிறேன். டயர் பதவி விலக வேண்டிவந்தது. வழக்கு எதுவும் இல்லை. 1920 ஜூலையில் பிரபுக்கள் சபை 129க்கு 86 என்ற கணக்கில் அவர் பக்கம் ஓட்டுப் போட்டது. ஒரு லண்டன் பத்திரிகை அவருக்காக 26,000 பவுண்டுக்கு மேல் நிதி திரட்டியது. ஓ'டுவையரைப் பற்றி எழுதியதற்காக, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த சர் சங்கரன் நாயர் மேல் லண்டனில் மானநஷ்ட வழக்கு நடந்தது. 1924இல் நாயர் தோற்று 500 பவுண்டு நஷ்டஈடு கட்டும்படி ஆயிற்று. டயர் செய்தது சரியே என்று அந்த வழக்கில் நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். ஹண்டர் குழு தவறு என்று எழுதிய அதே சூடு, நாலு வருஷத்தில் லண்டன் நீதிமன்றத்தில் சரியாகிவிட்டது.

அடுத்து எதை எடுக்கலாம்?

கை பழகியதும் இலங்கையின் 1915ஐ எடுங்கள். முஸ்லிம்களுக்கு எதிராகச் சிங்களவர் நடத்திய கலவரம், ஜூன் 2 முதல் ராணுவச் சட்டம், விசாரணையில்லாமல் சுடப்பட்டவர்கள், ஜூலை 7இல் ஹென்றி பெத்ரிஸ் என்ற சிங்கள இளைஞருக்கு மரண தண்டனை நிறைவேற்றம், பிறகு அதிகாரிகளைக் காக்கும் உத்தரவு. அரச ஆணையம் வேண்டும் என்ற கோரிக்கை லண்டனில் எடுபடவில்லை. பொன்னம்பலம் ராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையிலும் லண்டனிலும் வாதாடினார். அந்த வாதத்தில் தங்கள் இழப்பு மறைந்துபோனதாக முஸ்லிம்கள் மனம் கசந்தார்கள். கடைகளையும் உயிர்களையும் முதலில் பறிகொடுத்தவர்கள் அவர்கள்தானே. அரசின் கொலைகளை விசாரிக்கச் சொல்லும் குரலுக்கும் இப்படி ஒரு குருட்டுப் பக்கம் இருக்கலாம். ஆகவே உறுப்பினர் தாளோடு இன்னொரு தாளும் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் செத்தவர்கள் யார், அவர்களைப் பற்றி எத்தனை பக்கம்.

அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் ஜமைக்காவின் மோரன்ட் பே கலகம், 1865. அங்கே அரச ஆணையமே வந்தது. 439 பேர் கொல்லப்பட்டதையும், 600க்கு மேற்பட்டவர்களுக்குக் கசையடி கொடுத்ததையும், ஆயிரம் வீடுகளைக் கொளுத்தியதையும் பதிவு செய்தது, தண்டனைகள் மிதமிஞ்சியவை என்றது. அதே அறிக்கை, கலகத்தை வேகமாக அடக்கியதற்காகக் கவர்னர் எயரைப் பாராட்டவும் செய்தது. தேதித் தாளையும் வரம்பு வாக்கியத்தையும் எழுதிவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும். முடிவுரைப் பக்கத்துக்கு ஒரு கிளிப் போட்டு மூடிவிடுங்கள், கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம்.